தனிப்பயன் சாளரச் செய்தி

தனிப்பயன் சாளரச் செய்தி என்பது விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் தன் சொந்தத் தேவைக்காக வரையறுத்துக்கொள்ளும் செய்தி ஆகும். விசையை அழுத்தினாலும் சுட்டியைச் சொடுக்கினாலும் விண்டோஸ் அதை ஒரு செய்தியாக்கி உரிய சாளரத்துக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண்ணும், உடன் செல்லும் இரண்டு மதிப்புகளும் உண்டு. எண்ணுக்கெனத் தனிப்பொருள் கிடையாது. அனுப்புவோரும் பெறுவோரும் அதற்கு ஒரே பொருள் கொண்டால்தான் வேலை நடக்கும்.

தமிழ்த் தட்டச்சு மென்பொருளில்

எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் பணிப்பட்டையின் ஓரத்தில் சிறு படவுருவாக அமர்ந்திருப்பதைத் தமிழில் தட்டச்சு செய்வோர் அறிவர். அப்படவுரு பணிப்பட்டைக்கு உரியது. அதைச் சொடுக்கும்போது நிரலுக்கு எப்படித் தெரிகிறது? படவுருவை வைக்கும்போதே, “சொடுக்கினால் இந்த எண்ணில் எனக்குத் தெரிவி” என்று ஒரு தனிப்பயன் செய்தி எண்ணை நிரல் கொடுத்துவிடுகிறது.

எந்த எண்ணைத் தேர்வது?

0 முதல் 1023 வரை விண்டோஸுக்கு உரியவை. அவற்றைத் தொடக்கூடாது. 1024 முதல் 32767 வரை (டபிள்யூஎம்_யூசர் தொடங்கி) அந்தந்தச் சாளர வகுப்பின் உள்பயன்பாட்டுக்கு; 32768 முதல் 49151 வரை (டபிள்யூஎம்_ஆப் தொடங்கி) நிரலுக்கு. பழைய எடுத்துக்காட்டு நிரல்களில் முதல் வகையே மிகுதியாகக் காணப்படும். மாணவர்கள் அதை அப்படியே படியெடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

உரையாடல் பெட்டியில் 1024 என்ற எண்ணுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு: “இயல்பான பொத்தான் எது?” என்ற கேள்வி அது. பயனர் என்டர் விசையை அழுத்தும்போது விண்டோஸ் இக்கேள்வியைப் பெட்டிக்கு அனுப்புகிறது. நிரலாளர் அதே 1024-ஐ “விசைப்பலகையை மாற்று” என்ற பொருளில் பயன்படுத்தியிருந்தால், என்டர் தட்டும்போதெல்லாம் தமிழ்99 வேறொன்றாக மாறிவிடும். பிழை எங்கே என்று தேடினால் எளிதில் அகப்படாது. டபிள்யூஎம்_ஆப் எண்களைக் கொண்டால் இத்தொல்லை இல்லை.

இரு வேறு நிரல்கள் பேசிக்கொள்ள வேண்டுமானால் அதுவும் போதாது. ஒன்றின் எண் மற்றதில் வேறு பொருள் தரலாம். அதற்காக ரெஜிஸ்டர்விண்டோமெசேஜ் என்ற செயல்கூறு உள்ளது. ஒரே சொல்லைக் கொடுக்கும் நிரல்களுக்கெல்லாம் அது 49152 முதல் 65535 வரையிலான ஒரே எண்ணைத் தரும். பணிப்பட்டை செயலிழந்து மீண்டும் எழும்போது, ‘டாஸ்க்பார்கிரியேட்டட்’ என்று பதிவான செய்தி எல்லா நிரல்களுக்கும் அறிவிக்கப்படுகிறது. அதைக் கவனிக்காத தட்டச்சு மென்பொருளின் படவுரு மறைந்துபோகும். நிரல் ஓடிக்கொண்டிருந்தும் அதை நிறுத்தப் பயனருக்கு வழி தெரியாது. விஸ்டா முதற்கொண்டு, நிர்வாகி உரிமையுடன் ஓடும் நிரலுக்கு இச்செய்தி தடுக்கப்படும். நிரலே அதற்கு வெளிப்படையாக அனுமதி தர வேண்டும்.

அனுப்பும் இரு முறைகள்

கடலூரில் இருப்பவர் சிதம்பரத்தில் உள்ள உறவினரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று கொள்வோம். கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம், இது போஸ்ட்மெசேஜ். பேருந்தேறி நேரில் போய்ப் பதிலோடு திரும்பலாம், இது சென்ட்மெசேஜ். போனவர் பதிலுக்குக் காத்திருக்க, அந்த உறவினரோ இவர் கடலூர் வேலையை முடிக்கட்டும் என்று காத்திருந்தால் இருவர் வேலையும் நின்றுவிடும். பின்னணி இழையிலிருந்து முகப்புச் சாளரத்துக்குச் சென்ட்மெசேஜ் அனுப்பும்போது நிரல் உறைந்துபோவது பெரும்பாலும் இவ்வாறே. அவ்விடத்தில் போஸ்ட்மெசேஜே ஏற்றது. ஆனால் வரிசையில் இயல்பாக 10,000 செய்திகளே அடங்கும் என்பதால், அது வெற்றி பெற்றதா எனத் திரும்பிவரும் மதிப்பைப் பார்க்க வேண்டும்.

உடன் செல்லும் மதிப்பில் நினைவக முகவரியை வைத்து வேறொரு நிரலுக்கு அனுப்புவது இன்னொரு பொதுவான தவறு. சிதம்பரத்தில் 12ஆம் எண் வீடு ஒருவருடையது. கடலூரில் அதே எண்ணில் இருப்பவர் வேறொருவர். ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகம் தனித்தனி. உரையையே அனுப்ப வேண்டுமானால் டபிள்யூஎம்_காப்பிடேட்டா என்ற ஆயத்தச் செய்தி இருக்கிறது; தரவைப் படியெடுத்து மறுபக்கம் சேர்க்கும் பொறுப்பை விண்டோஸே ஏற்றுக்கொள்கிறது. இதைச் சென்ட்மெசேஜ் வழியாகத்தான் அனுப்ப முடியும்.