பக்கத்துக்கு இவ்வளவு: உதிரி எழுத்துழைப்பும் ஒரு கணக்கு நோட்டும்

வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' (1819) நாவலில் வரும் 'ப்ரீ லான்ஸ்' என்பது கூலிப்படை வீரனைக் குறிக்கும். எந்த அரசனுக்கும் கட்டுப்படாத ஈட்டி. காசு தருபவனுக்குச் சண்டை போடும். தமிழில் நாம் 'சுதந்திர எழுத்தாளர்' என்றோம். ஈட்டி போய்விட்டது, கூலியும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. சுதந்திரம் மட்டும் மிஞ்சியது.

தனியார் கல்லூரியில் 18,000 ரூபாய் தற்காலிக விரிவுரையாளர் வேலையை விட்டபோது நான் போட்ட கணக்கு இது: மொழிபெயர்ப்புக்குப் பக்கம் 150 ரூபாய், நாளைக்கு 10 பக்கம், மாதம் 25 நாள். ஆக 37,500. கணக்கில் தப்பில்லை. அந்த 25 நாளும் எவனோ எனக்குக் காசு தருகிறான் என்று நினைத்ததுதான் தப்பு.

முதல் வருஷத்தின் ஒரு சராசரி மாதம் நோட்டில் இப்படி இருக்கிறது. மொழிபெயர்ப்பில் உட்கார்ந்தது 15 நாள், நாளுக்கு 6 பக்கம் (பத்தெல்லாம் வீம்புக்குத்தான்). பழைய வேலையின் திருத்தமும் புரூஃபும் 4 நாள். அடுத்த வேலை தேடி அலைந்தது 3 நாள். முடித்த வேலைக்குக் காசு கேட்டு அலைந்தது இன்னொரு 3 நாள். 90 பக்கம், 13,500. அதில் அந்த மாதமே கைக்கு வந்தது 6,000.

என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றியவர். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. இலையை நனைப்பது, வெட்டுவது, கடைக்குப் போய் வரிசையில் நிற்பது எதற்கும் கூலி கிடையாது. சரியில்லை என்று கழித்த பீடி அவர் கணக்கில் நஷ்டம். என் புரூஃபும் அலைச்சலும் அந்த நனைத்த இலைதான் என்பது எம்.ஏ. படித்த மண்டைக்கு உறைக்க ஒரு வருஷமாயிற்று.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் உருப்படிக் கூலியை நேரக் கூலியின் மாறிய வடிவம் என்கிறார். இங்கே மேற்பார்வையாளன் தேவையில்லை; கூலியின் வடிவமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. தன்னைத்தானே விரட்டி, வேலைநாளைத் தானே நீட்டிக்கொள்கிற தன்னிலை அதில் உருவாகிறது. ராத்திரி ஒரு மணிக்கு 'இன்னும் ரெண்டு பக்கம்' என்று நான் உட்கார்ந்திருந்தபோது வீட்டில் முதலாளி யாருமில்லை.

வேலைப்பளு சீராக வரும் என்பது இன்னொரு மயக்கம். இரண்டு மாதம் ஈ ஓட்டுவோம். அப்புறம் மூன்று பேர் ஒரே வாரத்தில் கேட்பார்கள், மூன்றுக்கும் தலையாட்டுவோம். வேண்டாமென்றால் இனி கூப்பிட மாட்டார்களோ என்கிற பயம். அந்தப் பயத்தில் ஒப்புக்கொண்ட விலைதான் பிறகு நம் 'வழக்கமான' விலையாக ஊரில் நின்றுவிடுகிறது.

நம் வட்டத்துக்குள் இது இன்னும் சிக்கலானது. வணிகப் பதிப்பாளரிடம் பேரம் பேசலாம். உபரி உழைப்பு பற்றிய நூலையே மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு, 'பார்த்துச் செய்யலாம் தோழர்' என்பவரிடம் என்ன பேசுவது? கேட்டால் நாம் வணிகவாதி. அவரிடமும் பணமில்லை என்பது பெரும்பாலும் நிஜம். ஆனால் அச்சகத்துக்கும் காகிதக் கடைக்கும் கொடுக்கக் கிடைக்கிற பணம் மொழிபெயர்ப்பாளன் முறை வரும்போது தீர்ந்துபோவது தற்செயல் அல்ல. தோழமை இங்கே ஒரு கூலிப் பிடித்தமாகச் செயல்படுகிறது.

1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றது. தொழிற்சங்கங்கள் போராடியதன் பலன் அது. நியூயார்க் நகரில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம் உதிரி உழைப்பாளியின் 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம். நாமோ விலையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே கூசுகிறோம்.

வேலையை விடப்போவதாக என்னிடம் வருகிற இளைஞர்களுக்கு நோட்டைக் காட்டுகிறேன். 13,500ஐப் 15 நாளால் வகுத்தால் நாளுக்கு 900, பரவாயில்லை போலத் தோன்றும். 25 நாளால் வகுத்தால் 540. அதுதான் உண்மையான கூலி. பழைய 18,000ஐத் தொடவே 90 பக்கத்துக்குப் பக்கம் 200 வேண்டும். ஆறு மாதச் சோற்றுக்குக் கையில் இருந்தால்தான் 150க்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரும்.

போன மாதம் ஒரு தோழர் 220 பக்க நூலோடு வந்தார். 200 கேட்டேன், பாதி முன்பணம் என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, 'வேற ஒருத்தர் 120க்குப் பண்றாரு தோழர்' என்றார். அந்த ஒருவரின் போன் நம்பரைக் கேட்டேன். தரவில்லை.