ஊசி 40 மில்லிமீட்டர், சதை எத்தனை?

"மூச்ச அடக்காதீங்க சார். சாதாரணமா விடுங்க" என்றார் பயிற்றுநர்.

குப்புறப் படுத்திருந்தேன். வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த சதையைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். சின்ன பிளாஸ்டிக் குழாய் தோலில் பட்டது. மேலே ஒரு தட்டு. எறும்புக் கடி அளவுகூட இல்லை. இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் ஊசி உள்ளே இரண்டு தடவை மேலும் கீழும் போய்வர, பிடித்திருந்த சதை தூண்டிலில் மாட்டிய மீன்போல வெடுக்கென்று துள்ளியது. வலி குத்திய இடத்தில் தெரியவில்லை. காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

"நெத்திப்பொட்டுல தெரியுதுங்களா?"

"தெரியுது."

"அப்ப சரியான இடந்தான்." என்னை அத்தோடு விட்டுவிட்டுச் சுற்றி நின்றவர்களிடம் திரும்பினார். "எல்லாரும் ஊசியவே பாக்கறீங்க. என் இடது கையப் பாருங்க கண்ணு. இந்தப் பிடிய விட்டுட்டு நேரா கீழ எறக்கினா, அங்க காத்திருக்கறது நுரையீரல்."

மருந்தில்லாத வெறும் ஊசியைத் தசைக்குள் குத்தி வலியைத் தணிக்கும் டிரை நீட்லிங்கைக் கற்றுக்கொள்ள எப்படிக் கூட்டம் வருகிறது என்று பார்த்து எழுதத்தான் என்னை அனுப்பினார்கள். கூட்டம் இருந்தது. ஆனால், திரும்பி வந்து எழுத உட்கார்ந்தபோது அந்த இடது கைதான் கண்முன் நின்றது.

சாத்துக்குடியும் தலைமுடியும்

கோவையில் ஓர் ஓட்டலின் கூட்ட அரங்கு. சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு. மடக்குக் கட்டில்களைச் சுற்றி 24 பேர், எல்லோரும் பிசியோதெரபி முடித்தவர்கள். "ஒரு மாசச் சம்பளத்தக் கட்டிட்டு வந்திருக்கேனுங்க" என்றார் திருப்பூரில் சிறிய கிளினிக் வைத்திருக்கும் பெண். "உள்ள வந்ததும் வலியச் சொல்றதுக்கு முன்னாடியே, 'ஊசி போடுவீங்களா'ன்னு கேக்கறாங்க. இல்லைன்னா பக்கத்து கிளினிக்குக்குப் போயிடறாங்க." ஒருவருக்குத் தோள் துள்ளும் வீடியோவைப் போட்டால் மறுநாளே பத்துப் பேர் போன் செய்கிறார்கள் என்றார் இன்னொருவர். கழுத்துப் பிடிப்புக்குப் பத்து நாள் உடற்பயிற்சி சொன்னால் யார் கேட்கிறார்கள்?

முதல் ஒரு மணி நேரம் ஊசி வெளியிலேயே வரவில்லை. ஆளுக்கொரு தலைமுடியை எடுத்து ஒரு தாளுக்கு அடியில் வைக்கச் சொன்னார் பயிற்றுநர். கண்ணை மூடிக்கொண்டு, முடி எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்று விரலால் தடவிச் சொல்ல வேண்டும். ஒரு தாளில் எல்லோருக்கும் வந்துவிட்டது. இரண்டு தாளில் பாதிப் பேர் தடுமாறினார்கள். மூன்று தாளில் அரங்கே அமைதி. "சதைக்குள்ள முறுக்கிக் கிடக்கிற இழையும் இப்படித்தான் இருக்கும். இது கைக்குச் சிக்காம ஊசிய எடுக்காதீங்க." எங்கள் ஊரில் சுளுக்கு வழிக்கும் ஆயா நினைவுக்கு வந்தார். விளக்கெண்ணெய் தொட்ட அவருடைய கட்டைவிரல் எந்த வகுப்புக்கும் போனதில்லை. ஆனால், தாளுக்கடியில் முடியை நிச்சயம் கண்டுபிடித்திருக்கும்.

பிறகு சாத்துக்குடி வந்தது. தோல், அதற்கடியில் வெள்ளைச் சதை, அப்புறம் சுளை என்று ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் ஊசி முனையில் என்ன தெரிகிறது என்று பழக வேண்டும். பழத்துக்கு அடுத்து, ஒருவர் தோளில் ஒருவர். குத்துமுன் தோள்பட்டை எலும்பின் ஓரத்தையும் விலா எலும்புகளையும் ஸ்கெட்ச் பேனாவால் முதுகில் வரைந்துகொண்டார்கள். ஒரு பையனுக்கு ஊசியைப் பார்த்ததுமே வியர்த்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலைத் தூக்கி வைத்துப் படுக்கப் போட்டார்கள். "உட்கார வெச்சுக் குத்தக் கூடாதுன்னு ஏன் சொல்றேன், புரியுதா?"

இதெல்லாம் விரலின் வித்தை என்பது இன்று சொல்வதல்ல. மருந்தில்லாத வெறும் ஊசியே வலியைத் தணிக்கிறது என்று செக் மருத்துவர் கரெல் லெவிட் 1979-ல் எழுதினார். 241 பேருக்கு 312 இடங்களில் குத்திப் பார்த்ததில் 86.8 சதவீத இடங்களில் வலி உடனே அடங்கியது. அந்தக் கட்டுரையில் அவர் அழுத்திச் சொன்னது, ஊசி அந்த வலிப்புள்ளியைத் துல்லியமாகத் தொட வேண்டும் என்பதைத்தான். நான்கு வருடம் கழித்து ஜேனட் டிராவலும் டேவிட் சைமன்ஸும் எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலியாகத் தெரியும் என்று படம் படமாக வரைந்து புத்தகம் போட்டார்கள். தோள்பட்டையின் பின்பக்கத் தசை முன்தோளில் வலிக்கும். பிட்டத்துச் சின்னத் தசை, சயாட்டிகா போலக் கால் வரை இழுக்கும். அந்தப் படங்கள்தான் அரங்கின் திரையில் ஓடின. படத்தை இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். விரலுக்கு இரண்டு நாள் போதுமா?

கணக்கு உதைக்கிறது

இடைவேளையில் ஊசி உறையைப் புரட்டிப் பார்த்தேன். கனம் 0.30 மி.மீ., நீளம் 40 மி.மீ. என்று இருந்தது. முதுகில் தோள்பட்டை எலும்பின் உள்ஓரத்தை ஒட்டிய சில இடங்களில், தோலிலிருந்து நுரையீரலுக்கு 10 முதல் 20 மி.மீ. தூரம்தான் என்று அக்குபங்சர் பாதுகாப்பு பற்றிய மருத்துவக் கட்டுரைகள் எச்சரிக்கின்றன. அதாவது ஊசியில் பாதி இறங்கினாலே போதும். அதனால்தான் அங்கே இரண்டு விலா இடுக்குகளையும் இரு விரலால் அடைத்துக்கொண்டு, நடுவிலிருக்கும் எலும்பை நோக்கியே ஊசியைச் செலுத்தச் சொல்லித்தருகிறார்கள்.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. அரங்கில் ஒருவர் தோளில் ஒருவர் பழகியவர்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த, இருபது தாண்டிய பிள்ளைகள். பிடித்துத் தூக்கினால் கை நிறையச் சதை வருகிறது. திங்கட்கிழமை கிளினிக் கட்டிலில் படுக்கப்போவது யார்? பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் தைத்துவிட்டு வரும் நாற்பது கிலோ அக்கா. செங்கல் சூளையில் சுமை தூக்கும் பெரியவர். தோலுக்கு அடியில் நேராக விலா எலும்பு தட்டும் உடம்புகள். ஓர் உடம்பில் பழகிய ஆழத்தைக் கை இன்னொரு உடம்பிலும் தேடும். சான்றிதழில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

நுரையீரலில் ஓட்டை விழுந்தால் அங்கேயே தெரியும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறலும், நெஞ்சுக்குத்தும், வறட்டு இருமலும் தொடங்கலாம். 2013 கடைசியில் அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் ஒருவருக்கு விலாப் பக்க வலிக்குப் போட்ட ஊசியில் நுரையீரல் சுருங்கியது. நல்ல மருத்துவ வசதி பக்கத்தில் இருந்ததால் தேறி, 2014 சோச்சி ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். ஓவர்லாக் தைக்கும் அக்கா, "காத்துப்பிடிப்பா இருக்கும்" என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

நான் பூதாகரமாக்குகிறேன் என்றார்கள் இரண்டு மூத்த பிசியோக்கள். அயர்லாந்தில் 7,629 சிகிச்சைகளைப் பதிவு செய்த ஓர் ஆய்வில் ரத்தக்கட்டு, லேசான ரத்தக்கசிவு, குத்திய இடத்தில் வலி தவிர பெரிய ஆபத்து ஒன்றும் வரவில்லை என்றார்கள். உண்மைதான். அந்த 7,629 தடவையும் குத்தியவை பழகிய கைகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிசியோதெரபிஸ்ட்டுகள் இந்த ஊசியைத் தொடவே முடியாது. மேரிலாந்தில் தொடலாம், ஆனால் 80 மணி நேரம் படித்தாக வேண்டும், அதில் 40 மணி நேரம் கைப்பயிற்சி. நம் ஊரில் வகுப்பு நடத்துபவர் வைத்ததுதான் மணிக்கணக்கு. பயன்படுத்திய ஊசியைக் குத்துப்படாத வெள்ளை டப்பாவில்தான் போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதி தெளிவாகச் சொல்கிறது. குப்பைக்குப் போகும் ஊசிக்கு இருக்கும் கறார், உடம்புக்குள் போகும் ஊசிக்கும் வேண்டாமா? பிசியோதெரபியையும் உள்ளடக்கிய தேசிய ஆணையச் சட்டம் 2021-லேயே வந்துவிட்டது. மணிக்கணக்கை எழுதி வைக்க அதைவிடத் தோதான இடம் எது?

இடமா, வலமா?

இரண்டு வாரம் கழித்துத் திருப்பூர் பெண்ணின் கிளினிக்குக்குப் போயிருந்தேன். முதுகுக்கு நடுவே விண்விண்ணென்று தெறிக்கிறது என்று வந்திருந்தார் ஓர் அக்கா. படுக்கவைத்து விரலால் தடவியவர், ஓரிடத்தில் நிறுத்தினார். அழுத்தினார். மறுபடி தடவினார். தட்டிலிருந்த ஊசி உறையை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தார்.

"அக்கா, இங்க ஊசி வேண்டாங்க. கையிலயே அழுத்தி விடறேன்."

"ஏன் டாக்டரம்மா, எதுத்த வீட்டுக்காரிக்குப் போட்டீங்களே?"

"அவங்களுக்குப் போட்டது கெண்டைக்கால்லங்க."

இருபது நிமிடம் கட்டைவிரல் வேலை செய்தது. சுவரில் கையை ஊன்றிச் செய்யும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். வலி குறைந்திருக்கிறது என்றார் அக்கா. ஆனாலும் காசைக் கொடுக்கும்போது கண் அந்த டிராயர் மேலேயே இருந்தது.

படியிறங்கிப் போனவரை வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றார் அந்தப் பெண். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாப். வலப்பக்கம் திரும்பினால் அந்த இன்னொரு கிளினிக்.