மான் கறியும் மாமியாரும்



நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். என் கணவருக்கு வெல்டர் வேலை. அதற்காக நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கிற இன்வர்கார்கில் என்ற ஊருக்கு வந்து ஆறு வருஷமாகிறது. நம் பகுதியை ஊரிலிருந்து என் தங்கை போனில் படம் பிடித்து அனுப்பிவிடுவாள். ஒரு வாரம் தவறினாலும் சண்டைதான்!

போன ஜூலையில் (இங்கே அதுதான் கடுங்குளிர்) எங்கள் வீட்டில் வைத்த ஒரு விருந்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி. இரண்டாவது பையன் எனக்கு ஆபரேஷனில் பிறந்தபோது, அம்மாவும் அருகில் இல்லை, மாமியாரும் இல்லை. அந்தப் பாட்டிதான் பத்து நாள் சூப் கொண்டு வந்து கொடுத்தார். பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அவரே. அவருக்கு ஒரு வேளை முழுச் சாப்பாடு போடவில்லையே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை இரவு வரச் சொல்லி அழைத்தேன். வியாழக்கிழமையே ஒரு பையோடு வந்து நிற்கிறார். பேரன் வேட்டையாடிய மானின் தோள் கறி, ஒன்றரைக் கிலோ. "உன் மசாலாவில் இதைச் சாப்பிட ஆசை" என்றார்.

அப்போது எங்கள் அத்தை (மாமியார்) ஊரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். பாபநாசம் பக்கம், மலையடிவாரக் கிராமம். பையைத் திறந்து காட்டியதும் முகம் வெளிறிவிட்டது.

"ஏட்டி, மான் கறியா? மொதல்ல வெளிய தூக்கிப் போடு. போலீசு வந்துரும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய அண்ணன் எவனிடமோ அரைக் கிலோ வாங்கிச் சமைத்து மாட்டிக்கொண்டவர். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி நம் நாட்டில் மானைக் கொல்வது மட்டுமல்ல, அந்தக் கறியை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். "நெலத்தை வித்துல்லா வக்கீலுக்குக் குடுத்தோம். அண்ணன் கோர்ட்டுக்கு நடந்தே ஓஞ்சு போயிட்டாரு" என்று சொல்லும்போது அத்தைக்குக் கண் கலங்கியது.

என் கணவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இந்த நாட்டில் ஆதியில் வௌவாலைத் தவிர வேறு தரை விலங்கு குட்டி போட்டுப் பால் கொடுத்ததில்லை. மான்கள் 1850, 60களில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கப்பலில் கொண்டு வந்து விட்டவை. புலியா, சிறுத்தையா, தின்ன ஆளில்லை. பெருகி மலைக்காடுகளை மொட்டையடித்துவிட்டன. 1930களில் அரசாங்கமே ஆள் வைத்துச் சுட ஆரம்பித்தது. 1969இல் சட்டம் மாறி, இப்போது ஆட்டுப்பட்டி மாதிரி மான் பண்ணைகளே இருக்கின்றன. கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது.

"இருக்கட்டும். நான் தொட மாட்டேன்" என்றார் அத்தை. நான் வற்புறுத்தவில்லை.

எனக்கு வேறு பயம். வந்த புதிதில் ஒரு தடவை கடையில் மானின் முதுகுக் கறி வாங்கி, ஆட்டுக்கறி என்று நினைத்துக் குக்கரில் ஆறு விசில் விட்டேன். தேங்காய் நாரைக் கடித்த மாதிரி இருந்தது! மான் கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு. முதுகுக் கறியைச் சூடான சட்டியில் சில நிமிஷம் புரட்டி எடுத்துவிட வேண்டும். ஓடி உழைத்த தோள், கழுத்து, கால் கறியோ சிறுதீயில் நெடுநேரம் கிடக்க வேண்டும். அப்போதுதான் ஜவ்வு கரைந்து மெத்தென்று வரும். இதைச் சொல்லிக் கொடுத்ததும் அதே பாட்டிதான்.

வெள்ளைச் சவ்வை எல்லாம் கத்தியால் உரித்து, கறியை எலுமிச்சை அளவுக்கு வெட்டி, உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, ஒன்றரை டீஸ்பூன் மிளகுத்தூள் போட்டு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் நல்லெண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க வறுத்தேன். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும். தனியாக நாலு பெரிய வெங்காயம், மூன்று தக்காளி, பட்டை, பெருஞ்சீரகம், மூன்று டீஸ்பூன் மிளகாய்த்தூள், நாலு டீஸ்பூன் மல்லித்தூள் வதக்கினேன். ஹாலில் இருந்தே அத்தை, "பெருஞ்சீரகம் பத்தாதுட்டி" என்றார். தொடமாட்டாராம், வாசனை மட்டும் பிடிப்பாராம்!

வதங்கிய மசாலாவில் பாதியை, கறி சேர்க்கும் முன்பே அத்தைக்காக வேறு சட்டிக்கு மாற்றிவிட்டேன். மீதியில் கறியைப் போட்டு, மூழ்க வெந்நீர் விட்டு, கனமான பாத்திரத்தில் மூடி, சிம்மில் இரண்டரை மணி நேரம். கடைசி முக்கால் மணியில்தான் காய்கள்: காரட், உருளைக்கிழங்கு, அப்புறம் 'ஸ்வீடு'. இனிப்பு இல்லை, நூக்கோலும் டர்னிப்பும் கலந்த மாதிரி ஒரு மஞ்சள் கிழங்கு. இந்தப் பக்கத்துக்குப் பேர் போனது, பனி விழுந்தபின் இனிப்பு கூடும். முன்னாலேயே போட்டால் கரைந்து கூழாகிவிடும். அதே காய்களை அத்தை சட்டியிலும் போட்டேன்.

(ஊரில் இருக்கிற சகோதரிகள் வெள்ளாட்டுத் தொடைக்கறியில் இதே மாதிரி செய்து பாருங்கள். மான் கறி என்று யாராவது கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.)

சனிக்கிழமை சாப்பாட்டில் பாட்டி, அத்தையின் தட்டில் கறி இல்லாததைப் பார்த்துவிட்டார். பிடிக்கவில்லையோ என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அண்ணன் கதையைச் சொன்னேன். பாட்டி கரண்டியை வைத்துவிட்டார். அவருடைய அப்பா வாலிபத்தில் மலையில் கூடாரம் போட்டு, அரசாங்கச் சம்பளத்துக்கு மான் சுட்டவராம்! மாதக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டாராம். அம்மா தனியாகப் பிள்ளைகளை வளர்த்தாராம். நான் தமிழில் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பாவம், அவ அம்மையும் கஷ்டப்பட்டிருக்கா" என்று சொல்லி, தன் சட்டியில் இருந்த கிழங்கை ஒரு கரண்டி எடுத்துப் பாட்டியின் தட்டில் வைத்தார்.

மறுநாள் காலை தோசைக்குத் தன் சட்டிக் குழம்பையே கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று கேட்கிறார்: "ஏட்டி, அந்த ஸ்வீட்டு கெழங்கு நம்மூர் மண்ணுல வருமா?"

– ஒரு வாசகி, இன்வர்கார்கில், நியூசிலாந்து.