பயிற்சிப் பூட்டு

பயிற்சிப் பூட்டு என்பது சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் கலையைக் கற்பவர் கைப்பழக்கம் பெறுவதற்கென்றே வைத்துக்கொள்ளும் பூட்டு ஆகும். பூட்டுத் தொழில் கற்பவர்களும், இக்கலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் இதனைப் பயன்படுத்துகின்றனர். தொடக்கநிலையில் தேர்ந்தெடுக்கும் பூட்டு கற்றலைப் பெரிதும் பாதிக்கிறது. மிக எளிதான பூட்டு தற்செயலாகத் திறந்துவிடுவதால் எதையும் கற்றுத்தருவதில்லை. மிகக் கடினமான பூட்டோ தவறு எங்கே நேர்ந்தது என்பதைக் காட்டுவதில்லை.

இயங்கும் முறை

கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் பின் டம்ளர் வகைப் பூட்டையே எடுத்துக்கொள்கின்றனர். இதன் இன்றைய வடிவத்திற்கு அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்றார். இவ்வகைப் பூட்டில் சாவித் துளை உள்ள உருளை, அசையாத வெளிக்கூட்டினுள் சுழல்கிறது. இரண்டையும் ஊடுருவிச் செல்லும் ஒவ்வொரு சிறு துளையிலும் சாவியைத் தொடும் பின் ஒன்றும், அதன் மேல் தடுப்புப் பின் ஒன்றும், உச்சியில் ஒரு சுருள்வில்லும் இருக்கும். சரியான சாவியை நுழைத்தால், இரு பின்களும் சந்திக்கும் இடம் எல்லாத் துளைகளிலும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும். அப்போது உருளை சுழலும்.

எந்தப் பூட்டிலும் துளைகள் முழுத் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. ஆகவே ஒரு வளைந்த கம்பியால் உருளையை மெல்லத் திருப்பும்போது ஏதேனும் ஒரு பின் மட்டும் முதலில் இறுகுகிறது. அதனை வேறொரு கம்பியால் தூக்கி உரிய இடத்தில் நிறுத்தியதும் அடுத்த பின் இறுகுகிறது. இறுகிய பின்னையும் தளர்ந்த பின்னையும் விரல் நுனியால் வேறுபடுத்தி அறிவதே இக்கலையின் அடிப்படை. நல்ல பயிற்சிப் பூட்டு இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணரச் செய்யும்.

வகைகள்

1. கண்ணாடி போன்ற பூட்டு: அக்ரிலிக்கால் செய்யப்படுவது. பின்கள் அசைவதை வெளியிலிருந்தே காணலாம். இயங்கும் முறையைப் புரிந்துகொள்ள இது உதவும். ஆனால் பெரும்பாலானவற்றின் உட்பகுதி தளர்வாக இருப்பதால் உண்மைப் பூட்டின் உணர்வு கிடைக்காது. கற்பவர் கண்ணையே நம்பத் தொடங்கிவிடுவதும் உண்டு. முறை புரிந்தபின் துணியால் மூடிப் பயில்வது நல்லது.

2. வெட்டுப் பூட்டு: உண்மையான பித்தளைப் பூட்டின் பக்கவாட்டைச் செதுக்கி, பின்கள் தெரியும்படி செய்யப்பட்டது. உணர்வு உண்மைப் பூட்டுக்கு நெருக்கமாக இருக்கும்.

3. பின் மாற்றக்கூடிய சிலிண்டர்: பின்களைக் கழற்றி வேண்டிய எண்ணிக்கையில் மீண்டும் இடலாம். ஒரே சிலிண்டரை ஒரு பின்னுடன் தொடங்கி ஐந்து, ஆறு பின்கள் வரை கடினமாக்கிக்கொண்டே போகலாம் என்பதால் நெடுநாள் பயன்படும்.

4. கடைப் பூட்டு: அன்றாடப் பயன்பாட்டிற்கு விற்கப்படும் தொங்கு பூட்டு. அமெரிக்காவில் மாஸ்டர் லாக் நிறுவனத்தின் எண் 3 பூட்டைப் பலர் முதல் பூட்டாக எடுத்துக்கொள்கின்றனர். அதில் நான்கு பின்கள் மட்டுமே உள்ளன.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

பின்களின் எண்ணிக்கை: மூன்று அல்லது நான்கு பின்கள் தொடக்கத்திற்குப் போதும்.

பின்களின் வடிவம்: முதல் பூட்டில் நேரான உருளை வடிவப் பின்களே இருக்க வேண்டும். சில பூட்டுகளில் நூற்கட்டை போல் இடை சிறுத்த பின்களோ, விளிம்பில் வரிகள் வெட்டிய பின்களோ இருக்கும். இடை சிறுத்த பின் சிக்கும்போது உருளை சிறிதளவு திரும்பி நின்றுவிடும். பூட்டு ஏறத்தாழத் திறந்துவிட்டது போலத் தோன்றினாலும் அப்பின் இன்னும் உரிய இடத்தில் அமர்ந்திருக்காது. இவை பின்னர் கற்க வேண்டியவை.

சாவியின் வெட்டு: வாங்கும்போது சாவியைப் பார்த்தே பலவற்றை அறியலாம். வெட்டுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தால், கம்பியை முன்னும் பின்னும் அலைத்தாலே பூட்டு திறந்துகொள்ளும். மிக ஆழமான வெட்டுக்கு அருகில் மிக மேடான வெட்டு இருந்தால், ஒரு பின்னைத் தூக்கும்போது பக்கத்துப் பின்னும் இடறும். மிதமான ஏற்ற இறக்கம் உள்ள சாவியே தொடக்கத்திற்கு ஏற்றது.

சாவித் துளை: அகலமாகவும் அதிக வளைவில்லாமலும் இருந்தால் இரு கம்பிகளுக்கும் இடம் கிடைக்கும்.

லீவர் பூட்டுகள்

தமிழ்நாட்டில் வீடுகளிலும் கடைகளிலும் புழங்கும் தொங்கு பூட்டுகள் பல, பின் வகையைச் சேர்ந்தவை அல்ல. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இதற்கு எடுத்துக்காட்டு. இது லீவர் எனப்படும் தகடுகளால் இயங்குவது. லீவர்களின் எண்ணிக்கை பல பூட்டுகளின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். பின் பூட்டுக்கான கம்பிகள் இதற்குப் பொருந்தா. இதனை அறியாமல் வீட்டிலுள்ள பழைய பூட்டில் தொடங்குவோர், முயற்சி பலிக்காமல் தமக்குத் திறமையில்லை என்று முடிவுகட்டிவிடுவதுண்டு. சாவியைக் கொண்டு வேறுபாட்டை எளிதில் அறியலாம். தட்டையான சாவியின் விளிம்பில் பற்கள் இருந்தால் அது பெரும்பாலும் பின் பூட்டு. உருண்டைத் தண்டின் முனையில் கொடி போன்ற தகடு இருந்தால் அது பெரும்பாலும் லீவர் பூட்டு.

பயிலும் முறை

பின் மாற்றக்கூடிய சிலிண்டரில் முதலில் ஒரு பின்னை மட்டும் இட்டு, அது இறுகுவதையும் அமர்வதையும் உணர்ந்தபின் ஒவ்வொன்றாகக் கூட்டுவர். பூட்டைச் சிறிய வைஸில் பிடித்துக்கொண்டால் இரு கைகளும் ஓய்வாக இயங்கும். தொடக்கநிலையில் பொதுவான தவறு, உருளையை அதிக விசையுடன் திருப்புவதாகும். அப்போது எல்லாப் பின்களும் ஒன்றுபோல் இறுகுவதால் வேறுபாடு தெரியாது. ஒரே பூட்டு பலமுறை திறந்தபின் கைக்கு மனப்பாடமாகிவிடும். அந்நிலையில் பின்களை இடம்மாற்றியோ வேறு பூட்டுக்குச் சென்றோ பயில வேண்டும்.

நெறியும் சட்டமும்

இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கின்றனர். தமக்குச் சொந்தமான பூட்டையோ, உரியவர் அனுமதித்த பூட்டையோ மட்டுமே திறக்க வேண்டும் என்பது முதல் விதி. பயன்பாட்டில் உள்ள பூட்டில் பயிலக்கூடாது என்பது இரண்டாவது. வாசற்கதவுப் பூட்டில் பயிலும்போது கம்பி முறிந்தாலோ பின் சிக்கினாலோ வீட்டார் வெளியே நிற்க நேரிடும். தனியாக ஒரு பயிற்சிப் பூட்டு தேவைப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கருவிகள் குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். சப்பானில் 2003 ஆம் ஆண்டுச் சட்டம், தகுந்த காரணமின்றிப் பூட்டுத் திறக்கும் சிறப்புக் கருவிகளை வைத்திருப்பதைத் தடைசெய்கிறது. இங்கிலாந்தில் 1968 ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, திருடும் நோக்குடன் அதற்கான கருவியை வீட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது குற்றமாகும். எனவே கருவிகளை வாங்குமுன் தாம் வாழும் இடத்தின் சட்டத்தை அறிந்துகொள்வது அவசியம்.