கம்ப்யூட்டர் புத்தகம் வாங்கப் போகிறீர்களா?

"அம்மா, பைத்தான் கத்துக்கணும், ஒரு புஸ்தகம் வாங்கிக் கொடும்மா" என்று பிள்ளை கேட்டால் மலைப்பாம்பு என்று பயந்துவிடாதீர்கள்! 1991-ல் கைடோ வான் ராசம் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி அது. ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்.

சரி, கடையில் தடிமனாக, பளபளவென்று இருப்பதை எடுத்து வந்துவிடலாமா? கூடாது. புடவை வாங்கும்போது எத்தனை முறை புரட்டிப் பார்க்கிறோம்! அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும்.

முதலில், அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். பைத்தான் 3 வந்தது 2008-ல். பைத்தான் 2-க்குக் கொடுத்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு நின்றுவிட்டது. ஆனாலும் பழைய புத்தகக் கடைகளில் இரண்டுக்கும் உரியவை கலந்தே கிடக்கும். அதனால் என்ன என்கிறீர்களா? திரையில் ஒரு வரி வரவழைக்க 'பிரிண்ட்' என்று எழுத வேண்டும். பழையதில் அதற்குப் பின் அடைப்புக்குறி இல்லாமலே வேலை நடக்கும். புதியதில் அடைப்புக்குறி கட்டாயம். பழைய புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளை அடித்தால், முதல் பாடத்திலேயே தப்பு என்று வந்து நிற்கும். புத்தகம் பழசு என்று அதற்கு எப்படித் தெரியும்? "என் மண்டையில இதெல்லாம் ஏறாது" என்று மூடி வைத்துவிடும். காசு போனால் போகட்டும், தைரியம் போய்விட்டால்?

இரண்டாவது, யாருக்காக எழுதியது என்று முன்னுரையில் பாருங்கள். 'சி' மொழிக்கு கெர்னிகனும் ரிச்சியும் 1978-ல் எழுதிய புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு 1988-ல் வந்தது. இன்றும் மதிப்புக் குறையாத புத்தகம்தான். ஆனால் ஓரளவு ப்ரோக்ராம் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அது ஒத்துவரும். அரிச்சுவடி படிக்கிற குழந்தையிடம் இலக்கணத்தை நீட்டலாமா?

மூன்றாவது, பாடத்துக்குப் பாடம் பயிற்சி இருக்கிறதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தானே அடித்து, தப்பு வந்தால் தானே திருத்தினால்தான் கை பழகும். 'ஒரே வாரத்தில் நிபுணராகலாம்' என்று அட்டையில் ஆசை காட்டினால் நம்பிவிடாதீர்கள்.

வாங்கும் முன் ருசி பார்க்கவும் வழி உண்டு. ஆலன் டௌனியின் 'திங்க் பைத்தான்', அல் ஸ்வைகார்ட்டின் 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப்' இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். இரண்டும் ஆங்கிலம்தான், ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றவை. ஒரு பாடத்தைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அச்சுப் புத்தகம் வாங்கலாம்.

பிள்ளைக்கு மட்டும்தானா? மத்தியானம் வேலை ஓய்ந்ததும் நீங்களும் பக்கத்தில் உட்காரலாமே. மாதாமாதம் பால் கணக்கைக் கூட்டிச் சொல்லும் ஒரு குட்டி ப்ரோக்ராமை நீங்களே எழுதிவிட்டால், அந்தச் சந்தோஷமே தனி!