நாற்றங்காலும் நடவு வயலும்
(பொதுக் களஞ்சியத்தில் சோதனை நிரலுக்கு இடம் எது?)

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் பழக்கமானது. கணினி உலகில் அவ்வாறு இழுக்கப்படும் தேர், திறந்த மூல மென்பொருள் ஆகும். அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்குமாறு அனுப்பலாம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இதற்குத் தலையாய சான்று. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் அதுவே.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இன்னும் முற்றுப்பெறாத புதிய நிரலை எங்கே வைப்பது? தேறிய நிரலோடு கலந்தால் பயன்படுத்துவோர் கணினி பழுதுபடும். வெளியே நிறுத்தினால் எழுதியவர் மேசையிலேயே கிடந்து மடியும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. தனிப் பதிப்பு

லினக்ஸ் பதிப்பின் இரண்டாவது எண் ஒற்றைப்படையானால் சோதனைக்கு, இரட்டைப்படையானால் பயனுக்கு என ஒரு வழக்கம் முன்பு இருந்தது. 2.4 பதிப்பு 2001 சனவரியில் வந்தது. 2.5இல் சோதனைகள் நடந்தன. அவற்றின் பயன் 2.6ஆகக் கனிய 2003 டிசம்பர் ஆயிற்று. ஏறத்தாழ மூன்றாண்டுக் காத்திருப்பு! பொறுக்கமாட்டாத நிறுவனங்கள் சோதனை நிரலைப் பெயர்த்தெடுத்துத் தம் பதிப்புகளில் ஒட்டிக்கொண்டன. அதன்பின் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

2. தனிக் கிளை

2005இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவியால், களஞ்சியத்திலிருந்து ஒரு கிளையைப் பிரித்து எழுதிப் பார்த்து, தேறினால் தாய்மரத்தோடு இணைக்கலாம். சில நாள் வேலைக்கு இது மிக ஏற்றது. ஆனால் கிளை மாதக்கணக்கில் தனித்து நின்றால், நாள்தோறும் வளரும் தாய்மரத்தோடு அது பொருந்தாமற் போகும். பிறர் கண்ணில் படுவதும் அரிது.

3. தனி அறை

பெரியாறு-வைகைப் பாசன நிலத்தில் நாற்று விடும் உழவர், வயலின் ஒரு மூலையை அதற்கென ஒதுக்குவார். அதே மண், அதே நீர். ஆனால் தனி வரப்பு. 2008இல் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் என்பவர் லினக்ஸ் களஞ்சியத்துக்குள் ஏற்படுத்திய 'ஸ்டேஜிங்' என்னும் பகுதி இத்தகையதே. அங்கே நுழைய நிரல் அழகாக இருக்க வேண்டியதில்லை. பிழையின்றித் தொகுக்கப்பட வேண்டும். உரிமம் சரியாக இருக்க வேண்டும். இன்னும் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் உடனிருக்க வேண்டும். பயனர் தாமே விரும்பித் தேர்ந்தால்தான் அது இயங்கும். இயங்கினால் கணினியின் பதிவில் ஒரு குறி விழும். பின்னர்ப் பழுது நேர்ந்தால் எங்கே தேடுவது என்பதற்கு அதுவே துப்பு.

எனினும் நாற்றங்காலிலேயே கதிர் அறுக்க இயலாது. ஆண்ட்ராய்டு நிரல்கள் 2009இல் ஸ்டேஜிங்கில் நுழைந்தன. பேணுவார் இல்லாமையால் 2010இல் வெளியேற்றப்பட்டன. 2012இல் மீண்டும் வந்தன. அவற்றுள் செயலிகள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் 'பைண்டர்' 2015இல் முதன்மைப் பகுதிக்கு உயர்ந்தது. 'ஆஷ்மெம்' என்பதோ 2022இல் அகற்றப்பட்டது. வேறொரு நல்ல வழி வந்துவிட்டதே காரணம்.

இவற்றிலிருந்து தெளிவது என்ன? சிறு முயற்சிக்குக் கிளை போதும். பலர் கைபட்டு வளர வேண்டிய நீண்ட முயற்சிக்கு, களஞ்சியத்துக்குள்ளேயே தனி அறை வேண்டும். அந்த அறைக்குப் பெயர்ப்பலகையும், பட்டியலும், உயர்வதற்கும் வெளியேறுவதற்கும் இரு வாயில்களும் வேண்டும். வாயில் இல்லாத அறை குப்பைக் கிடங்காகிவிடும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பழங்காநத்தத்தில் என் தெருவில் நிரல் எழுதுவோரை நான் கண்டதில்லை. என்போன்றோரின் முதல் முயற்சி குறையோடுதான் இருக்கும். "முழுமையாக்கிக் கொண்டு வா" என்று வாயிலில் நிறுத்தினால், கற்றுத்தர ஆளுள்ளவர் மட்டுமே உள்ளே நுழைவர். "குறையை எழுதி ஒட்டிவிட்டு உள்ளே வா, உடனிருந்து திருத்து" என்பதே ஸ்டேஜிங் முறை. ஆங்குள்ள பட்டியல்களில் தொடக்க நிலையினர் செய்யத்தக்க சிறு திருத்தங்களும் உள. மாணவத் தோழர்களே, அவற்றுள் ஒன்றை எடுத்து முயல்வோமாக!

— இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு மாணவர்