தெளிந்த நீரெல்லாம் தூய நீரல்ல

வீட்டின் வரவேற்பறையில் மீன்தொட்டி வைக்கும் பழக்கம் இன்று பரவலாகிவிட்டது. ஆசையுடன் வாங்கிவந்த மீன்கள் சில வாரங்களிலேயே ஒன்றன்பின் ஒன்றாக மடிவதும் பல வீடுகளில் நிகழ்கிறது. 'தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது' என்று வீட்டார் வியக்கின்றனர்.

மீனைக் கொல்லும் நஞ்சு கண்ணுக்குத் தெரிவதில்லை. மீன்கள் தம் செவுள்கள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட இரை அழுகும்போதும் அது உருவாகிறது. குளத்தில் பெருநீரோடு கலந்துவிடும் இக்கழிவு, சிறு தொட்டியில் தேங்கி நிற்கிறது. வடிகட்டியிலும் கூழாங்கற்களிலும் குடியேறும் நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் கடும் நஞ்சு. நைட்ரேட்டின் தீமை குறைவு. எனினும், அது நாளுக்கு நாள் சேர்ந்து மீன்களை நலிவுறச் செய்யும், பாசியையும் பெருக்கும்.

மீனுக்குக் கழிவான இந்த நைட்ரேட், செடிக்கு உணவு. மணி பிளான்ட் கொடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி, கணு நீரில் மூழ்கவும் இலைகள் வெளியே இருக்கவும் தொட்டி விளிம்பில் பொருத்தினால் போதும், கணுவிலிருந்து வேர்விடும். இலைகள் காற்றிலிருந்தே கார்பன் டை ஆக்சைடைப் பெறுவதால், நீருக்குள் வளரும் பல செடிகளைவிட இது விரைந்து வளர்கிறது. வளர வளர நைட்ரேட்டை உறிஞ்சுகிறது. மண்ணில் வளர்ந்த செடியாயின், உரமும் பூச்சிமருந்தும் நீங்க வேரை நன்கு கழுவ வேண்டும். அழுகிய வேரையும் பழுத்த இலையையும் உடனே அகற்ற வேண்டும். இல்லையேல் அவையே அம்மோனியாவைப் பெருக்கும்.

செடி வந்துவிட்டதென்று நீர் மாற்றுவதை நிறுத்தலாகாது. வாரந்தோறும் ஏறத்தாழ கால் பங்கு நீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய நீரை ஊற்ற வேண்டும். முழு நீரையும் கொட்டிவிட்டு, தொட்டியையும் வடிகட்டியையும் தேய்த்துக் கழுவினால் நுண்ணுயிரிகளும் அழிந்துபோகும்.

நுண்ணுயிரிகள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். கொடி வேர்பிடிக்கவும் சில வாரங்கள் தேவை. ஆகவே, தொட்டி வாங்கிய அன்றே மீன்களை நிறைத்துவிடாமல், அதில் சிறிது இரையை மட்டும் இட்டு, வடிகட்டியை ஓடவிட்டுக் காத்திருப்பது நல்லது. மணி பிளான்ட் செல்வம் சேர்க்குமா என்பது அவரவர் நம்பிக்கை. நாம் சற்றுப் பொறுத்திருந்தால், அது சில உயிர்களைக் காக்க நிச்சயம் துணைநிற்கும்.